நமது பிள்ளைகள் கையில் கதைப் புத்தகம் கொடுப்போம்!

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்தும் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற ஹைஸ்கூல் ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



"ஹைஸ்கூலில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. பரீட்சையில் தேறுகிறவர்களுக்கும் சொந்தமாக நாலு வாக்கியம் எழுதத் தெரியவில்லை. இதற்கு என்ன வழி? அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று டியூஷன். இன்னொன்று நோட்ஸ். இரண்டுக்கும் காசு வேண்டும். ஷிப்டு முடிந்து வந்து கூலிப் பணத்தை எண்ணிப் பார்க்கிற நீங்கள், வயிற்றைக் கட்டி அந்தக் காசையும் கொடுத்து விடுகிறீர்கள். பலன் என்ன? பையன் நோட்ஸை உருப்போட்டுப் பரீட்சை எழுதுகிறான். தேறுகிறான். ஆனால், இ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்ல அவனால் முடிவதில்லை!

நான் மூன்றாவதாக ஒரு பதில் சொல்கிறேன். பிள்ளைகள் கையில் கதைப் புத்தகம் கொடுங்கள். அவர்களே பொறுக்கி எடுத்த புத்தகம். பரீட்சைக்கு வராத புத்தகம். படித்து முடித்த பிறகு யாரும் கேள்வி கேட்காத புத்தகம். சந்தோஷத்துக்காக அவர்கள் படிக்கட்டும்.

"பாடத்தைப் படிக்கவே நேரமில்லை, கதைப் புத்தகமா?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டு விட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

ஒரு ஹைஸ்கூல் வகுப்பில் இங்கிலீஷ் பாடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் ஒரு பத்தியைப் படிக்கிறார். தமிழில் அர்த்தம் சொல்கிறார். கடினமான வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிறகு கேள்வி, பதில். பதிலை மனப்பாடம் செய்கிறார்கள். கட்டுரையை மனப்பாடம் செய்கிறார்கள். கடிதம் எழுதும் முறையைக்கூட மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு வருஷம் முழுவதும் ஒரு பையன் படிக்கிற இங்கிலீஷ் என்பது மெலிந்த ஒரே ஒரு பாடப் புத்தகம். அதையும் அவனாகப் படிப்பதில்லை. அவனுக்காக இன்னொருவர் படிக்கிறார்!

இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், தலைக்கு மேல் பரீட்சை. அவரும் ஓடுகிறார், பிள்ளைகளும் ஓடுகிறார்கள்.

உங்கள் வேலையையே எடுத்துக் கொள்ளுங்கள். ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலையை எப்படிக் கற்றுக் கொண்டீர்கள்? யாராவது புத்தகத்தில் எழுதி உருப்போடச் சொன்னார்களா? முதல் நாள் கை தடுமாறியது. ஆயிரம் தடவை ஒட்டிய பிறகு விரல் தானாகப் போகிறது. தாய்மார்களே, நடவு நடுகிறீர்கள். நாற்றுக்கு நாற்று எத்தனை விரற்கடை இடைவெளி என்று அளந்து பார்த்தா நடுகிறீர்கள்? சிறு வயதில் அம்மாவோடு சேற்றில் இறங்கி, வயல் வயலாக நட்டு நட்டுக் கை பழகியது.

பாஷையும் அப்படித்தான். ஒரு வார்த்தையை ஒரு தடவை கரும்பலகையில் பார்த்தால் அது மனதில் நிற்காது. பத்து இடத்தில், பத்து விதமான வாக்கியத்தில், பத்து வெவ்வேறு மனிதர்கள் வாயிலிருந்து அது வர வேண்டும். அவ்வளவு வாக்கியங்களுக்குப் பாடப் புத்தகத்தில் இடமில்லை. கதைப் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்தது என்ன நடக்கும் என்ற ஆவலில் பிள்ளை பக்கம் பக்கமாகப் போகும்போது, வார்த்தை தானாக வந்து ஒட்டிக் கொள்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல

"இதற்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். மூன்று தேசங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது நம் வங்காளம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மைக்கேல் வெஸ்ட் என்பவர் வேலை பார்த்தார். வங்காளப் பிள்ளைகள் வருஷக் கணக்கில் இங்கிலீஷ் படித்தும் ஏன் பலனில்லை என்று ஆராய்ந்து 1926-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கேட்ட ஒரு கேள்வி நம்மைப் போன்றவர்களின் கேள்வி. உங்களில் பலர் எல்.ஐ.சி.யில் பாலிசி எடுத்திருப்பீர்கள். பாதியில் கட்ட முடியாமல் நிறுத்தினால் 'சரண்டர் வேல்யூ' என்று ஒரு தொகை கிடைக்கும் அல்லவா? அதே வார்த்தையைத்தான் வெஸ்ட் பயன்படுத்தினார். வறுமையால் ஒரு பையன் பாதியில் படிப்பை நிறுத்தினால், அதுவரை படித்த படிப்புக்கு அவன் கையில் என்ன மிஞ்சுகிறது? இலக்கண விதி மிஞ்சாது. உருப்போட்ட பதில் மிஞ்சாது. ஆனால் படிக்கப் பழகியிருந்தால், படிக்கும் பழக்கம் மிஞ்சும். அது அவனை விட்டுப் போகாது. ஆகவே முதலில் படிக்கக் கற்றுக் கொடுங்கள் என்றார் அவர். குறைந்த வார்த்தைகளில், சுவையான கதைகளை, எளிய நடையில் எழுதிக் கொடுத்தார். படிப்பைப் பாதியில் விடும்படி நேர்வது எந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பிஜித் தீவு. அங்கே கரும்புத் தோட்டத்தில் வேலை செய்வதற்காக நம் தேசத்திலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் இன்றும் வாழ்கிறார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் அங்கே ஆள் கொண்டு போனார்கள். அந்தத் தேசத்தில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிஜி மொழி, அல்லது இந்தி. பள்ளியில் இங்கிலீஷ். 1980-ல் அங்கே கிராமத்துப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் நடத்தினார்கள். 4-ம், 5-ம் வகுப்புகளில் வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்கள், படம் போட்ட நல்ல புத்தகங்கள் கொடுத்தார்கள். தினம் 20 அல்லது 30 நிமிடம் அவற்றைப் படிக்கச் செய்தார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல் பாடம் நடந்தது.

முதல் வருஷ முடிவில், கதைப் புத்தகம் படித்த பிள்ளைகள், படித்துப் புரிந்து கொள்வதில் மற்றவர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இரண்டாவது வருஷத்தில் அந்த முன்னேற்றம் எழுதுவது முதலிய மற்றத் திறமைகளுக்கும் பரவியது. இவர்கள் ஹைஸ்கூல் பிள்ளைகள் அல்ல, சிறு பிள்ளைகள்தான். ஆனால் நம் பிள்ளைகளைப் போலவே வீட்டில் இங்கிலீஷ் கேட்காத, கிராமத்துப் பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது அமெரிக்கா. மிச்சிகன் மாநிலத்தில், கோர்ட்டு தண்டித்த வாலிபர்களை அடைத்து வைக்கும் ஒரு சீர்திருத்தப் பள்ளி. பெரும்பாலோர் ஏழைகள், படிப்பை வெறுத்தவர்கள். டேனியல் பேடர் என்ற பேராசிரியர் 1960-களில் அங்கே போனார். கனத்த அட்டைப் பாடப் புத்தகங்களை ஒதுக்கி விட்டு, பத்திரிகைகளையும் மலிவுப் பதிப்புப் புத்தகங்களையும் கொண்டு வந்து குவித்தார். சட்டைப் பையில் வைத்துக் கொள்ளக்கூடிய புத்தகங்கள். அட்டைப் படம் கண்ணில் படும்படி சுழலும் தட்டுகளில் வைத்தார். ஒவ்வொருவனும் பிடித்ததை எடுத்துத் தன்னிடம் வைத்துக் கொள்ளலாம். படித்ததும் மாற்றிக் கொள்ளலாம். "இந்தப் பையன்களா படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். பையன்கள் படித்தார்கள். 1966-ல் பேடர் இதை ஒரு நூலாக வெளியிட்டார்.

வர்க்கத்தை வெல்லும் வாசிப்பு

இன்னொரு கணக்கு இருக்கிறது. நமக்கு இது மிக முக்கியம்.

ஓ.இ.சி.டி. என்ற பல தேசங்களின் பொருளாதார அமைப்பு, 15 வயது மாணவர்களைச் சோதிக்க 'பிசா' என்ற தேர்வை 2000-ல் முதன்முதலாக நடத்தியது. அந்தச் சோதனையை வைத்து, வாசிப்பைப் பற்றி 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெற்றோர் செய்யும் வேலையை வைத்து மாணவர்களைப் பிரித்தார்கள். வாசிப்பில் எவ்வளவு ஆர்வம் காட்டுகிறார்கள் என்பதை வைத்தும் பிரித்தார்கள்.

உயர்ந்த உத்தியோகம் பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆனால் வாசிப்பில் ஆர்வமில்லாதவர்கள்: சராசரி மதிப்பெண் 491. அடிமட்ட வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆனால் வாசிப்பில் மிகுந்த ஆர்வமுள்ளவர்கள்: சராசரி 540!

தோழர்களே, இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, இங்கிலீஷ் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும், படிக்கும் ஆசை கொண்ட கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை அவனை முந்துகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை அவரவர் தேசத்துப் பள்ளி மொழியில் நடந்தது. இந்தியா அந்த வருஷம் கலந்து கொள்ளவில்லை. ஆர்வம் இருப்பதால் திறமை வந்ததா, திறமை இருப்பதால் ஆர்வம் வந்ததா என்றும் கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே சரி. எந்த முனையில் தொடங்கலாம்? ஆசையை மூட்டுவது நம் கையில் இருக்கிறது. அங்கே தொடங்குவோம்.

சந்தோஷம் ஏன் முக்கியம்?

"படிக்கட்டும், ஆனால் படித்ததை எழுதிக் காட்டட்டும், கேள்விக்குப் பதில் சொல்லட்டும்" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். அங்கேதான் கதை கெட்டுப் போகிறது. கேள்வி வரும் என்று தெரிந்தால் பிள்ளை கதையைப் படிப்பதில்லை; கேள்வியைத் தேடுகிறது. மறுபடியும் நோட்ஸ் வந்து விடும்!

பிரான்ஸ் தேசத்தில் டேனியல் பென்னாக் என்ற ஆசிரியர் இருந்தார். படிப்பை வெறுத்த ஹைஸ்கூல் பையன்களுக்குப் பாடம் சொன்னவர். 1992-ல் அவர் எழுதிய நூலில் வாசகனுக்குப் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் போடும் உரிமை, படித்ததையே திரும்பப் படிக்கும் உரிமை, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கும் உரிமை. தொழிலாளிக்கு உரிமை என்ற வார்த்தை புதிதல்ல. நம் பிள்ளைக்கு வாசிப்பில் இந்த உரிமைகளைக் கொடுத்துப் பாருங்கள்.

அதற்காக, "அரை மணி நேரம் சும்மா படி" என்று சொல்லி விட்டு ஆசிரியர் ஒதுங்கி விடலாமா? கூடாது. 2000-ல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, வகுப்பில் மௌனமாகப் படிக்கச் சொல்வதால் மட்டும் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்பதற்குப் போதுமான அத்தாட்சி இல்லை என்று சொன்னது. என் அனுபவமும் அதுதான். மூன்று காரியங்கள் சேர்ந்திருக்க வேண்டும். நிறையப் புத்தகங்கள் வேண்டும். அவை பிள்ளையின் தரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். கூடவே பெரியவர் ஒருவர், "இது எப்படி இருந்தது? அடுத்தது இதைப் படித்துப் பார்" என்று பேச வேண்டும். கேள்வித்தாள் வேண்டாம், பேச்சு வேண்டும்.

எந்தப் புத்தகம்?

நம் ஆட்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பிள்ளை இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்றவுடன், தடியான புத்தகத்தை வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள். அது அலமாரியில் தூங்குகிறது.

மொழி ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஒருவர் துணையில்லாமல், தடங்கலில்லாமல் ஒரு கதையைப் படிக்க வேண்டுமானால், அதில் உள்ள 100 வார்த்தைகளில் 98 தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளைக்கு ஒரு சுலபமான முறை சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திற. படி. தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கி விட்டால், அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். இன்னும் எளியதாக எடு. இதற்கு டியூஷன் மாஸ்டர் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து விரலை எண்ணலாம்!

எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புத் தரத்திலுள்ள படக்கதையைப் படித்தால் கேவலமா? இல்லவே இல்லை. பஞ்சதந்திரக் கதை, தெனாலிராமன் கதை இங்கிலீஷில் கிடைக்கின்றன. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால், தெரியாத வார்த்தை வந்தாலும் அர்த்தம் தானாக விளங்கும். படக்கதைப் பத்திரிகைகள் இருக்கின்றன. 1980-ல் ஆரம்பித்த 'டிங்கிள்' அப்படி ஒன்று. சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டும் 1957-ல் தொடங்கப்பட்டவை. பிள்ளைகளுக்கு மலிவு விலையில் புத்தகம் போடுகின்றன. 2015-ல் பிரதம் புக்ஸ் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளத்தில், தரம் பிரித்த கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் காசில்லாமல் கிடைக்கின்றன. பிள்ளை செல்போனை விட மாட்டேன் என்கிறதே என்று அழுகிறீர்கள். அதே செல்போனில் இதைத் திறந்து கொடுங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு, ஆர்.கே. நாராயண் 1935-ல் எழுதிய 'சுவாமியும் நண்பர்களும்' இருக்கிறது. பள்ளிக்கூடத்தைக் கண்டு பயப்படுகிற பையனின் கதை. நம் பிள்ளைகள் சிரித்துக் கொண்டே படிப்பார்கள். மலை கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் கதையான ரஸ்கின் பாண்டின் 'நீலக் குடை' இருக்கிறது. இன்னும் பெரிய பிள்ளைகளுக்கு, முல்க்ராஜ் ஆனந்த் 1936-ல் வெளியிட்ட 'கூலி'. மலைப் பிரதேசத்து அநாதைப் பையன் முன்னூ, வீட்டு வேலைக்காரனாக, ஊறுகாய்த் தொழிற்சாலையில் கூலியாக, பம்பாய்ப் பஞ்சாலையில் தொழிலாளியாக அலைகிற கதை. பஞ்சாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதைப் படிக்கும்போது, இங்கிலீஷ் என்பது யாரோ துரைமாருடைய பாஷை என்ற பயம் போய் விடும். "இதில் என் அப்பா இருக்கிறார்" என்று சொல்லும்.

மூன்று ஆட்சேபணைகள்

முதலாவது, "தமிழ் என்ன ஆவது?" நியாயமான கேள்வி. என் பதில்: முதலில் தமிழ்க் கதை படிக்கட்டும். தமிழில் கதை படித்துச் சுவை கண்ட பிள்ளைதான் இங்கிலீஷிலும் கதையைத் தேடும். கதையில் யார் நல்லவன், யார் பொல்லாதவன், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிற பழக்கம் ஒரு பாஷையில் வந்து விட்டால் மறு பாஷைக்கும் உதவும். தமிழைத் தள்ளி விட்டு இங்கிலீஷ் கற்பது அஸ்திவாரத்தை இடித்து மாடி கட்டுவது.

இரண்டாவது, "மார்க் குறைந்து விடுமே?" வகுப்புப் பாடத்தைக் கைவிடச் சொல்லவில்லை. நாளுக்கு அரை மணி நேரம்தான் கேட்கிறேன். பிஜியில் கொடுத்ததும் அவ்வளவே. பரீட்சையில் பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். அங்கே நோட்ஸ் உதவாது, வாசிப்புதான் உதவும்.

மூன்றாவது, சில தோழர்களே சொல்வது: "உழைக்கிறவனுக்கு எதற்கு இந்தப் பொழுதுபோக்கு? வேலைக்கு உதவுகிறதைப் படித்தால் போதும்." இதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். கதை படிக்கும் சந்தோஷம் மாளிகைக்காரனுக்கு மட்டும் சொந்தமா?

தொழிலாளியின் சொத்து

கியூபாவைப் பாருங்கள். ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-ல் ஒரு பழக்கம் ஆரம்பமாயிற்று. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, ஒருவரை உயர்ந்த மேடையில் உட்கார வைத்தார்கள். கைகள் சுருட்டைச் சுருட்டிக் கொண்டிருக்க, அவர் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படித்தார். எந்த நாவல் என்பதைத் தொழிலாளிகளே தீர்மானித்தார்கள். மறு வருஷமே, 1866-ல், ஸ்பானிய ஏகாதிபத்திய அதிகாரிகள் அதைத் தடை செய்தார்கள். கதை கேட்கிற தொழிலாளியைக் கண்டு அரசாங்கம் பயந்தது! ஆனால் பழக்கம் அழியவில்லை. பிற்பாடு திரும்ப வந்தது. அவர்கள் விரும்பிக் கேட்ட 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் பெயரில் ஒரு சுருட்டே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில், கண்ணூர் பீடித் தொழிலாளிகள் தங்களில் ஒருவரைப் படிக்க உட்கார வைத்தார்கள். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள். வோல்காக் கப்பலில் பாத்திரம் கழுவிய சிறுவன் மாக்சிம் கார்க்கிக்கு வாசிப்பின் சுவையைக் காட்டியவர் அந்தக் கப்பலின் சமையற்காரர். நம் ஜெயகாந்தனுக்குப் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. படிக்கும் ஆசை நிற்கவில்லை.

தஞ்சைத் தோழர்களுக்கு இன்னொரு விஷயம். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிற்று. எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் அந்த நடமாடும் நூலகத்தை நடத்தினார். அதே 1931-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் முதல் மூன்றை மட்டும் கேளுங்கள்: புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கு ஏற்ற புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு ஏற்ற வாசகன். பூட்டிய அலமாரிக்கு இந்த விதிகளில் இடமில்லை!

1948-ல் சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். வாடகை வீட்டில் இருக்கிறவனும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறான். ஆகவே கிளை நூலகத்தில் உள்ள புத்தகம் யாரோ போட்ட பிச்சை அல்ல. நீங்கள் கொடுத்த காசு. போய்க் கேளுங்கள்!

நாம் செய்ய வேண்டியது என்ன?

இனி காரியத்துக்கு வருவோம்.

ஒன்று: இந்த வாசகசாலையில் பிள்ளைகளுக்கென ஓர் அலமாரி வையுங்கள், பூட்டுப் போடாதீர்கள். புத்தகம் கிழியும், சில காணாமல் போகும். மிச்சிகனில் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம்.

இரண்டு: வாரத்தில் ஒரு மாலை, பெண்கள் வேலை முடித்து வந்த பிறகு, ஒரு மணி நேரம் வாசிப்பு நேரம். படித்த வாலிபர் ஒருவர் இங்கிலீஷ்க் கதையை உரக்கப் படிக்கட்டும். சுவாரசியமான இடத்தில் நிறுத்தட்டும். மீதியைப் பிள்ளைகள் தாங்களே தேடிப் படிப்பார்கள்.

மூன்று: பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போங்கள். "நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறதே, அதை வேறு பாடத்துக்கு எடுத்துக் கொள்ளாதீர்கள், புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

நான்கு: வீட்டில் பெண் பிள்ளைகளுக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். பையன் புத்தகத்தோடு உட்காரலாம், பெண் பாத்திரத்தோடு உட்கார வேண்டும் என்றால் இது பாதி வேலைதான். நான் பார்த்த வரையில், நேரம் கிடைத்தால் பெண் பிள்ளைகள்தான் அதிகம் படிக்கிறார்கள். நேரம்தான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஐந்து: நீங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவது?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சாப்பிடும்போது, "அந்தப் புத்தகத்தில் இன்றைக்கு என்ன நடந்தது? எனக்குச் சொல்லு" என்று தமிழில் கேளுங்கள். பரிசோதிப்பதற்காக அல்ல; கதை கேட்பதற்காக. இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொல்லும்போது பிள்ளைக்குக் கதை தெளிகிறது. நீங்களும் ஒரு கதை கேட்டீர்கள். அந்தத் தாய் அப்படிக் கேட்க ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "ஐயா, அந்தக் கதையில் அடுத்த பாகம் இருக்கிறதாமே, அது எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்தார். பெண்ணுக்காக மட்டுமா கேட்டார்? தமக்காகவும் சேர்த்துத்தான்!

தோழர்களே! கூலி உயர்வுக்கும் போனசுக்கும் சங்கம் வேண்டும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் அதே கூட்டு முயற்சி வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். டியூஷனுக்குக் கொடுக்கிற ஒரு மாதக் காசை வீட்டுக்கு வீடு சேர்த்தால், ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வாங்கலாம். அது ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அல்ல, தெருவுக்கே சொந்தம்.

விழா முடிந்ததும் கலைந்து போய் விடாதீர்கள். வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். அலமாரிக்கு யார் என்ன கொடுக்க முடியும், வாரத்தில் எந்த மாலை யார் வந்து படித்துக் காட்ட முடியும் என்று எழுதி விட்டுப் போங்கள். முதல் மாலை வருகிற சனிக்கிழமை. நான் வந்து படிக்கிறேன். பிள்ளைகளை அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் வந்து உட்காருங்கள்.